பரோட்டா தின்ற மாடு ஏன் செத்தது? அசை போடும் வயிற்றுக்குள் நடப்பது என்ன?

2024 ஜூன் மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டம் வெளிநல்லூரில் ஒரே பண்ணையைச் சேர்ந்த ஐந்து பசுக்கள் செத்துப்போயின. தீவனத்தில் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மீறிச் சேர்ந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. இப்படி ஒரு செய்தி வந்தால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் மாடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு உடனே சில சந்தேகங்கள் எழும். நம் மாடு தினமும் கஞ்சி குடிக்கிறதே, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே? மைதாவில் விஷம் இருக்கிறதா? அது கெட்டுப்போன பரோட்டாவாக இருக்குமோ?

விஷம் எதுவும் வேண்டாம், கெட்டுப்போகவும் வேண்டாம். அப்போதுதான் கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவும் மாட்டைக் கொல்லும். புழுங்கலரிசிச் சோறு கொல்லும், மாட்டுப் பொங்கலன்று ஆசையாக ஊட்டும் சர்க்கரைப் பொங்கலும் கொல்லும். ஏன் என்று புரிய, மாட்டின் வயிறு எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

புல்லைச் செரிப்பது மாடு அல்ல

புல், சோளத்தட்டு, வைக்கோல் எல்லாவற்றிலும் பெரும்பங்கு நார்ச்சத்து. அதை உடைக்கும் நொதி மாட்டின் உடம்பில் சுரப்பதே இல்லை. நமக்கும் சுரப்பதில்லை. மாடு மட்டும் எப்படிப் புல்லைத் தின்று வாழ்கிறது என்றால், அந்த வேலையைச் செய்ய வயிற்றுக்குள் வேறு உயிர்களை வைத்திருக்கிறது.

மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறைதான் பெரியது. வளர்ந்த கறவை மாட்டுக்கு அதில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். இடப்பக்க வயிறு முழுவதையும் அது அடைத்துக்கொண்டிருக்கும். காற்று புகாத, எப்போதும் 39 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடுள்ள அந்த அறையில் பாக்டீரியா, ஓரணு உயிரிகள், பூஞ்சைகள் வாழ்கின்றன. அங்குள்ள நீரில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் பாக்டீரியா மட்டும் ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கும். தீனி முதலில் இவற்றுக்குத்தான் போய்ச் சேருகிறது. இவை தீனியைப் புளிக்கவைத்துத் தாம் வாழ்கின்றன. அப்போது வெளியேறும் கழிவுதான் மாட்டுக்குச் சாப்பாடு.

அந்தக் கழிவில் முக்கியமானவை மூன்று அமிலங்கள்: அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக். வயிற்றுச் சுவர் வழியாக இவை இரத்தத்தில் கலக்கின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் சுமார் 70 சதவீதம் இந்த மூன்றிலிருந்துதான். அசிட்டிக் அமிலத்திலிருந்து பாலின் கொழுப்பு உருவாகிறது. புரோப்பியானிக் அமிலம் ஈரலுக்குப் போய்ச் சர்க்கரையாகிப் பாலின் அளவைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சொசைட்டியில் பால் விலை ஏறி இறங்குவதைப் பேசும்போது திரும்பத் தேவைப்படும்.

அப்புறம், வயிற்றில் பெருகும் பாக்டீரியாவும் கடைசி அறைக்கும் குடலுக்கும் அடித்துச் செல்லப்பட்டுச் செரிக்கப்படுகிறது. மாட்டுக்குத் தேவையான புரதத்தில் பெரும்பங்கு அதுதான். ஆக, தீவனத் தொட்டியில் நாம் போடுவது இந்த நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு. மாடு அவற்றை நம்பிப் பிழைக்கிறது.

அமிலத்தை அடக்குவது எச்சில்

நாள் முழுக்க அமிலம் உற்பத்தியாகும் இடம் ஏன் புண்ணாகிப் போவதில்லை? எச்சில்தான் காரணம். ஒரு பசு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கும். அதில் கரைந்திருப்பது நம் சமையலறைச் சோடா உப்பில் இருக்கும் அதே பைகார்பனேட். அது அமிலத்தை முறித்துக்கொண்டே இருக்கும்.

அமிலத்தின் கடுமையை பிஎச் என்ற அளவால் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது. ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடியதாக அர்த்தம். நலமான மாட்டின் முதல் வயிற்றில் இது 6க்கும் 7க்கும் இடையில் நிற்கும்.

எச்சில் தானாகக் கொட்டுவதில்லை. மெல்லும்போதுதான் ஊறும். நீள நாராக இருக்கும் தீனிதான் வயிற்றின் சுவரை உரசி, மீண்டும் வாய்க்கு வந்து, அசை போட வைக்கும். நல்ல தீனி தின்ற மாடு ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரம் அசை போடும். மாவு, பிண்ணாக்குக் கரைசல், சோறு ஆகியவற்றுக்கு அசையே வேண்டாம். நேரே இறங்கிவிடும். எச்சிலும் ஊறாது. வைக்கோலில் சத்தில்லை, வயிற்றை ரொப்பத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். புரதம் 3, 4 சதவீதம்தான் என்பது உண்மையே. ஆனால் எச்சிலை வரவைக்கும் வேலையை வேறு எதுவும் அந்த அளவுக்குச் செய்யாது. விலை கொடுத்து வாங்கும் கலப்புத் தீவனம் செரிப்பதற்கும் அந்த வைக்கோல்தான் துணை.

மாவுச்சத்து மொத்தமாக வந்து விழுந்தால்

நார் மெதுவாகப் புளிக்கும். மாவுச்சத்தும் சர்க்கரையும் வேகமாகப் புளிக்கும். வேகவைத்த மாவுச்சத்து இன்னும் வேகம், ஏனென்றால் வெந்ததும் அதன் மணிகள் வெடித்து நுண்ணுயிர்கள் எளிதில் தாக்கும்படி ஆகிவிடுகின்றன. பரோட்டாவில் இருப்பது தவிடு முழுக்க நீக்கிய, வெந்த கோதுமை மாவு. பழுத்த பலாச்சுளையில் இருப்பது சர்க்கரை. இரண்டும் ஒரே தொட்டியில் விழுந்தால் நடப்பது இதுதான்:

1. முதல் சில மணி நேரத்தில், வயிற்றில் எப்போதும் சிறு எண்ணிக்கையில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. தீனி கிடைத்தால் அரை மணிக்குள் இரட்டிப்பாகும் இனம் இது.

2. இது லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். மேலே சொன்ன மூன்று அமிலங்களைவிட இது சுமார் பத்து மடங்கு வீரியமானது.

3. பிஎச் 5க்குக் கீழே இறங்குகிறது. நாரைச் செரிக்கும் பாக்டீரியாவும் ஓரணு உயிரிகளும் மடிகின்றன. அமிலத்தில் வாழப் பழகிய லாக்டோபேசில்லஸ் அந்த இடத்தைப் பிடித்து இன்னும் லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கிறது. இந்தக் கட்டத்தில் வயிறு தானாகச் சரியாக முடியாது.

4. கரைந்த அமிலமும் சர்க்கரையும் வயிற்றுக்குள் அடர்த்தியாகிவிடுவதால், உடம்பிலுள்ள நீர் இரத்தத்திலிருந்து வயிற்றை நோக்கி இழுக்கப்படுகிறது. வயிற்றுக்குள் தண்ணீர் தளும்பும், உடம்போ வறண்டுபோகும். கண் குழி விழுவது இதனால்தான்.

5. லாக்டிக் அமிலம் இரத்தத்தில் ஏறுகிறது. மாடு தள்ளாடும், படுக்கும், எழாது. மிஞ்சிப்போனால் ஓரிரு நாளில் சாகும். பிழைத்தாலும் அமிலம் தின்ற வயிற்றுச் சுவர் வழியாகக் கிருமிகள் ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி வைக்கும். பல வாரம் கழித்துக் குளம்பு வீங்கி நொண்டும் மாடுகளில் சிலவற்றுக்கு மூலம் இங்கேதான் இருக்கும்.

இந்த மாற்றங்களை அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் ஹங்கேட்டும் அவர் குழுவினரும் 1952-லேயே ஆடுகளில் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். கால்நடை மருத்துவர்கள் இதை அசிடோசிஸ் என்கிறார்கள். தமிழில் அமில நோய் எனலாம்.

பரோட்டாவில் இன்னொரு சிக்கல் எண்ணெய். மாட்டின் மொத்தத் தீனியில், ஈரம் நீக்கிய எடையில் 6, 7 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு போனால் அது நாரின் மேல் படலமாகப் படிந்து, நாரைச் செரிக்கும் பாக்டீரியாவை அண்டவிடாது.

ஒரு மாடு தாங்குகிறது, இன்னொன்று சாகிறது. ஏன்?

கஞ்சி குடித்தும் நன்றாக இருக்கிற மாட்டைப் பற்றிய சந்தேகத்துக்குப் பதில் இங்கே இருக்கிறது. கஞ்சி வடித்த தண்ணீரில் பெரும்பகுதி தண்ணீர்தான், உள்ளே போகும் மாவு கொஞ்சம். அதோடு, தினமும் ஓரளவு மாவுச்சத்து வந்துகொண்டிருந்தால் லாக்டிக் அமிலத்தைத் தின்று வேறு அமிலமாக மாற்றும் பாக்டீரியாவும் வயிற்றில் வளர்ந்து நிற்கும். அவை போதுமான அளவு பெருக இரண்டு மூன்று வாரம் ஆகும்.

அவை இல்லாத வயிற்றில் திடீரென்று பத்துக் கிலோ சோறு விழுந்தால் அமிலத்தைத் தடுக்க ஆளில்லை. கல்யாண மண்டபத்தில் மிஞ்சியது, ஓணத்துக்கு மிஞ்சிய பாயசம், கட்டு அவிழ்த்து அரிசி மூட்டையில் வாய் வைத்தது என்று வரும் கேஸ்களில் எல்லாம் இருப்பது ஒரே பொது அம்சம்: அன்றைக்கு மட்டும் அளவு மாறியிருக்கிறது. பசியோடு இருந்த மாடு அவசரமாக அள்ளிப் போடும் என்பதால் அதற்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆட்டுக்கும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு சாவும் நம் பக்கம் உண்டு. மழை இல்லாமல் வாடிய இளம் சோளப்பயிரை, பூவெடுப்பதற்கு முன்பு மேய்ந்த மாடு சில நிமிடங்களில் மூச்சு வாங்கி விழும். அது சயனைடு நஞ்சு. மரவள்ளி இலையிலும் தோலிலும் அதே நஞ்சு இருக்கிறது. அமில நோய்க்கு அரை நாள், ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். சயனைடுக்குக் கிடைக்காது.

சாகாத மாட்டிலும் இந்த நோய் உண்டு

செய்தியாவது ஐந்து மாடு செத்தால்தான். எனக்குப் பெரிதாகப் படுவது செய்தியாகாத பகுதி. பிஎச் 5க்குக் கீழே போகாமல், தினமும் சில மணி நேரம் 5.5 வரை இறங்கி ஏறிக்கொண்டிருக்கும் மாடுகள் ஏராளம். அவை சாவதில்லை. பால் விலையில் குடும்பத்தின் வருமானத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

சொசைட்டியில் பாலுக்கு விலை இரண்டு எண்களை வைத்துத்தான் போடுகிறார்கள். ஒன்று கொழுப்பு, அதாவது ஃபேட். மற்றது கொழுப்பல்லாத திடப்பொருள், எல்லோரும் எஸ்.என்.எஃப். என்பது. புரதம், பால் சர்க்கரை, தாது உப்பு எல்லாம் சேர்ந்தது அது. பசும்பாலுக்கு நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி கேட்பது குறைந்தது 3.2 சதவீதக் கொழுப்பும் 8.3 சதவீத எஸ்.என்.எஃப்.பும். இதற்குக் கீழே போனால் விலை வெட்டு, சில இடங்களில் பாலையே திருப்பி அனுப்புவார்கள். அப்போது பாலில் தண்ணீர் ஊற்றியதாக வீண்பழியும் வரும். பால்காரருக்கும் சொசைட்டிக்கும் வரும் சண்டைகளில் கணிசமானவை தீவனத்தில் தொடங்குபவை என்றே நினைக்கிறேன்.

இந்த இரண்டு எண்களும் வெவ்வேறு சேதி சொல்கின்றன.

- கொழுப்பு மட்டும் இறங்கினால், நார் போதவில்லை, மாவு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். நாரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா நலிந்தால் அசிட்டிக் அமிலம் குறையும். அமில வயிற்றில் உருவாகும் சில கொழுப்பு அமிலங்கள் மடியில் கொழுப்பு சேர்வதையே தடுக்கவும் செய்யும்.

- எஸ்.என்.எஃப். இறங்கினால், பெரும்பாலும் மாட்டுக்கு மொத்தச் சக்தியோ புரதமோ பற்றவில்லை. பச்சை காய்ந்துபோகும் மார்ச் முதல் மே வரை இது அதிகம் தெரியும். மடிநோய் இருந்தாலும் குறையும் என்பதால் மடியையும் பார்த்துவிட வேண்டும்.

கொழுப்பு குறைந்தது என்றதும் நம்மில் பலர் செய்வது இன்னும் ஒரு கிலோ கலப்புத் தீவனத்தைக் கூட்டுவது. மருந்து வேண்டிய இடத்தில் நோயையே கூட்டுகிறோம். அங்கே கூட்ட வேண்டியது வைக்கோலும் தட்டும்தான்.

கட்டுத்தறியில் நின்றே கண்டுபிடிக்கலாம்

மாட்டின் இடப்பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் கையை முஷ்டியாக மடித்து அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே வயிறு புரண்டு எழுந்து முஷ்டியைத் தள்ளுவது கைக்குத் தெரியும். நிமிடத்துக்கு ஒரு தடவையாவது தள்ள வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் நின்றும் அசைவே இல்லை, அல்லது பிசைந்த மாவில் குத்தியதுபோல் குழி அப்படியே நிற்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். லேசாகத் தட்டிப் பார்த்தால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது சாணம். நலமான சாணம் விழுந்த இடத்தில் வட்டமாக, அடுக்கடுக்காக நிற்கும். அமிலம் ஏறிய மாட்டின் சாணம் கூழாக ஓடும், பளபளக்கும், நுரைக்குமிழி இருக்கும், புளித்த வாடை அடிக்கும். கொஞ்சத்தை எடுத்து வடிகட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசினால், உடையாத சோளமும் விரல் நீள வைக்கோலும் தங்கும். தீனி செரிக்காமலே வெளியே வருகிறது என்று அர்த்தம்.

மதியம் மாடுகள் படுத்திருக்கும் நேரத்தில் ஒரு நோட்டம் விட்டாலும் போதும். பாதிக்கு மேற்பட்டவை அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மாடு தின்றுவிட்டது, இப்போது என்ன செய்வது?

1. மிச்சத் தீனியை உடனே அகற்றி, காய்ந்த வைக்கோலை மட்டும் முன்னால் வையுங்கள்.

2. அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு தின்றது என்பதைச் சொல்லுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு இலவச அழைப்பு எண் 1962.

3. ஐந்து மாடு தின்றிருந்தால் ஐந்தையும் காட்டுங்கள். நின்றுகொண்டிருக்கும் மாடு தப்பித்துவிட்டது என்று சொல்ல முடியாது.

4. படுத்த மாட்டின் வாயைப் பிளந்து பாட்டிலில் எதையும் ஊற்றாதீர்கள். எண்ணெயோ சோடாக் கரைசலோ நுரையீரலுக்குள் போனால் அந்தச் சாவு வேறு. சோடா உப்பு எவ்வளவு, எப்போது, தண்ணீர் விடலாமா என்பதெல்லாம் டாக்டர் சொல்லித்தான்.

டாக்டர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: அமிலத்தை முறிக்கும் மருந்து, இரத்தத்தில் திரவம் ஏற்றுதல், முற்றிய நிலையில் வயிற்றைத் திறந்து தீனியை வாரி வெளியே எடுத்தல். பிழைத்த மாட்டுக்கு நலமான மாட்டின் வயிற்று நீரை எடுத்துக் கொடுப்பதும் உண்டு. இறந்த நுண்ணுயிர்க் கூட்டத்துக்குப் பதில் புதிதாகக் குடியேற்றுவதுதான் அது. இவை எல்லாம் முதல் சில மணி நேரத்தில் நடந்தால் பலன் தரும்.

பச்சை இல்லாத ஊரில் பரோட்டா தொட்டிக்கு வருவது ஏன்?

மாடு செத்த வீட்டுக்காரரை அறியாதவர் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாலக்காட்டுச் சித்தூரின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பூமி. கேரளத்தில் பால் அதிகம் சேரும் பகுதிகளில் இதுவும் ஒன்று, ஆனால் கோடையில் போர்வெல்லும் பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீரும்தான் கதி. கட்டி வைத்திருப்பதோ பெரும்பாலும் கலப்பினப் பசு. நாட்டு மாட்டைவிடப் பால் பல மடங்கு, பசியும் அதற்கேற்ப. கையில் நிலமோ பத்து இருபது சென்ட். வைக்கோல், தட்டு, தீவன மூட்டை எல்லாம் காசு. ஹோட்டல் மிச்சம் சும்மா கிடைக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லும் யாரும் மாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

400 கிலோ எடையுள்ள, 10 லிட்டர் கறக்கும் பசுவை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு நாளைக்கு ஈரம் நீக்கிய கணக்கில் சுமார் 12 கிலோ தீனி வேண்டும். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், 25 கிலோ புல் போட்டால் 5 கிலோதான் கணக்கில் சேரும். அதோடு வைக்கோல் மூன்றரைக் கிலோ. கலப்புத் தீவனம், உடம்புக்கு ஒரு கிலோ, பாலுக்கு லிட்டருக்கு 400 கிராம் என்ற வழக்கமான கணக்கில் 5 கிலோ. இதில் நார்த்தீனி அறுபது சதவீதத்துக்குச் சற்று மேலே வரும். வயிறு சரியாக இருக்கும். புல் இல்லை என்று தீவனத்தை 8 கிலோ ஆக்கி வைக்கோலை மூன்று கிலோவில் நிறுத்தினால் கணக்கு தலைகீழாகிறது.

புல்லுக்கு வழி என்ன? கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் எல்லையின் இரு பக்கமும் பழகியதுதான். நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு வருடம் 140 டன்னை ஒட்டி விளையும். தண்ணீர் தட்டுப்படும் நம் பக்கத்தில் பாதிதான் வரும் என்று வைத்தாலும் நாளைக்கு 190 கிலோ, ஏழு மாட்டுக்குப் போதும். இரண்டு மாட்டுக்கு முப்பது சென்ட். அவ்வளவும் இல்லாதவர்கள் வரப்பிலும் வேலியிலும் அகத்தி, கிளைரிசிடியா, சவுண்டல் (சூபாபுல்) ஆகிய தீவன மரங்களை வைக்கலாம். சவுண்டலை மட்டும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் போனால் அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் கெடுதி செய்யும். மழைக்காலத்தில் மிஞ்சும் சோளம், மக்காச்சோளத்தை நறுக்கிக் காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப்புல்லாக்கினால் கோடைக்கு ஆகும். நறுக்கும்போது ஓர் அங்குல நீளமாவது இருக்கட்டும். மிஷினில் தூளாக அரைத்துவிட்டால் தட்டும் மாவுக்குச் சமம்தான், அசை வராது.

தொட்டி வைக்கும் முறையிலும் செலவில்லாத மாற்றங்கள் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் தீவனக் கரைசலை வைக்காமல், முதலில் வைக்கோலோ தட்டோ போட்டு, மாடு பாதி தின்ற பிறகு தீவனம் வைக்கலாம். 5 கிலோவை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரிக்கலாம். மூட்டையின் பிராண்டை மாற்றினால்கூட, பழையதில் கால் பங்கு கால் பங்காகக் குறைத்து இரண்டு வாரத்தில் புதியதுக்கு வரலாம். பலா சீசனில் பலாப்பழத்தைப் போடுவதென்றால் மாடு வைக்கோல் தின்ற பின் கொஞ்சமாக, தினமும் ஒரே அளவாக. கூடை நிறைய ஒருநாள், மறுநாள் ஒன்றுமில்லை என்ற முறைதான் கொல்கிறது. ஹோட்டல் பரோட்டா, பிரியாணி, கல்யாணச் சோறு ஆகியவற்றைக் கறவை மாட்டுத் தொட்டிக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. பக்கத்தில் பன்றிப் பண்ணை இருந்தால் அங்கே நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். பன்றிக்கு நம்மைப்போல ஒற்றை வயிறு, மாவுச்சத்து அதற்கு ஒத்துக்கொள்ளும்.